எங்கள் பேரவையில் உங்கள் மூன்று வாக்குகள்: பிரதமருக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு,

புதுச்சேரி சட்டப்பேரவைக்கு நாங்கள் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேரை நீங்கள் அனுப்புகிறீர்கள். அந்த 30 பேரும் வீதி வீதியாக அலைந்து வாக்குக் கேட்டாக வேண்டும். உங்கள் மூவருக்கு உள்துறை அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். அவைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு 33 பேரின் வாக்குக்கும் ஒரே எடை. நிதிநிலை அறிக்கையை நிறைவேற்றவும், சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கவும், நாங்கள் அமைத்த அரசைக் கவிழ்க்கவும் அந்த மூன்று வாக்குகள் செல்லும்.

இந்த மடல் அந்த மூன்று வாக்குகளைப் பற்றியது மட்டும்தான். மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் பேரவை பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. துணைநிலை ஆளுநரின் அதிகாரம் பற்றி நீதிமன்றங்களில் பேசித் தீர்ந்துவிட்டது. அவற்றை இங்கே கலக்க விரும்பவில்லை. மாநில அந்தஸ்து கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு திருத்தத்தைத்தான் கேட்கிறோம்.

1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம், பிரிவு 3(3). மத்திய அரசு மூன்று பேருக்கு மேற்படாமல் நியமிக்கலாம். அவர்கள் அரசுப் பணியில் இருப்பவர்களாக இருக்கக் கூடாது. அந்தப் பிரிவு விதிக்கும் வரம்பு அவ்வளவுதான். எந்தத் துறை அறிந்தவர், யாரைக் கலந்து பேச வேண்டும், தேர்தலுக்கு எத்தனை நாள் கழித்து, என்ன காரணம் சொல்லி, எதுவும் அதில் கிடையாது. மாநிலங்களவைக்கு 12 பேரை நியமிக்கும்போதுகூட அரசமைப்புச் சட்டத்தின் 80(3) இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று ஒரு வேலி போட்டிருக்கிறது. எங்கள் பேரவைக்கு அந்த வேலியும் இல்லை.

இந்தச் சட்டம் முதலில் எங்களுக்காக மட்டும் எழுதப்பட்டதும் அல்ல. இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா எல்லாம் இதன் கீழ் இருந்தவை. அவை ஒவ்வொன்றாக மாநிலமாகிப் போய்விட்டன. டெல்லிக்கு 1991-ல் தனிச் சட்டம் வந்தது, அதன் 70 உறுப்பினர்களில் நியமன உறுப்பினர் ஒருவரும் கிடையாது. இன்று 1963 சட்டத்தில் மிஞ்சியிருப்பது புதுச்சேரி ஒன்றே. அண்ணன்மார் எல்லோரும் போட்டுக் கழற்றிய சட்டையைக் கடைக்குட்டிக்கு மாட்டிவிட்ட மாதிரி.

இனி கணக்குக்கு வருவோம். பலரும் 'மூன்று பேர்தானே' என்று கடந்துபோவது கணக்குப் போட்டுப் பார்க்காததால்தான்.

30-ல் பாதிக்கு மேல் என்றால் 16. டெல்லியில் ஆள்பவர்களுக்கு வேண்டாத ஒரு கூட்டணி 16 இடம் வென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு 14. மூன்று நியமன உறுப்பினர்கள் சேர்ந்ததும் அது 17 ஆகிவிடும். சபாநாயகர் தேர்தலே 17-க்கு 16 என்று கை மாறும். சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி சபாநாயகர் முதல் சுற்றில் வாக்களிக்க மாட்டார். இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் தீர்மானிக்கும் வாக்கைப் போடுவார். ஆக, 14 இடம் பிடித்த தரப்பு சபாநாயகர் நாற்காலியையும் எடுத்துக்கொண்ட பிறகு அவை 16-க்கு 16 என்று நிற்கும். அதற்கு மேல் சபாநாயகரின் ஒரு வாக்கு. ஆட்சி 14-க்குப் போகும், 16 பேர் எதிர்க்கட்சி வரிசையில் உட்காருவார்கள்.

இதையே திருப்பிப் போடுங்கள். டெல்லிக்கு வேண்டாத கூட்டணி அதே சமநிலைக்கு வர வேண்டுமானால் 17 இடம் வெல்ல வேண்டும். நிம்மதியாக ஆள வேண்டுமென்றால் 18. ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் நடக்கும் தேர்தலில் ஒரு தரப்புக்கு வெற்றிக் கோடு 14-லும் மற்றத் தரப்புக்கு 17-லும் வரையப்பட்டிருக்கிறது. தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடியை எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் இந்த வித்தியாசத்தை அதனால் சரிசெய்ய முடியாது. அது வாக்குச்சாவடிக்கு வெளியே, ஒரு கோப்பில் இருக்கிறது.

எங்கள் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 10 லட்சம். அதை 30-ஆல் வகுத்தால் ஒரு உறுப்பினருக்கு ஏறத்தாழ 33,000 பேர். மூன்று உறுப்பினர் என்றால் ஒரு லட்சம் பேரின் குரல். அந்த ஒரு லட்சம் பேர் எந்தத் தொகுதியிலும் இல்லை.

இந்த எண்ணிக்கையை மக்களவைக்குப் பொருத்திப் பாருங்கள். 543-ல் பத்தில் ஒரு பங்கு என்றால் 54. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத யாரோ ஒருவர் மக்களவைக்கு 54 பேரை நியமித்து, நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர்களுக்கும் வாக்கு உண்டு என்று சொன்னால் எந்தப் பிரதமராவது ஏற்பாரா? 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் தலைமையிலான மத்திய அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஒரு வாக்கின் எடை என்ன என்று உங்கள் கட்சிக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது வெறும் தாள் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது, நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

2016 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி இங்கே ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. 2017 ஜூலை 4 அன்று அக்கட்சியினர் மூவருக்கு ராஜ் நிவாஸில் துணைநிலை ஆளுநரே பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். பூஜ்ஜியம் வென்ற கட்சிக்கு மூன்று உறுப்பினர்கள். சபாநாயகர் அவர்களை ஏற்க மறுத்தார், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2018 டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நியமனம் செல்லும், முதலமைச்சரைக் கலந்து பேச வேண்டிய கட்டாயம் இல்லை, நம்பிக்கைத் தீர்மானத்திலும் அவர்களுக்கு வாக்கு உண்டு என்று தீர்ப்பு.

பிறகு 2021 பிப்ரவரி. இதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். முதலமைச்சர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கவிழ முதல் காரணம் சொந்த அணியின் ராஜினாமாக்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவை 14-க்கு 14 என்று நின்றது. எதிர்ப்பக்க 14-ல் மூவர் நியமன உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் 14-க்கு 11. பிப்ரவரி 21-ல் மேலும் இருவர் விலகினார்கள். மறுநாள் வாக்கெடுப்புக்கு அவை கூடியபோது அரசுப் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்ப்பக்கம் 14. அதில் என்.ஆர். காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, நியமனம் 3. மக்கள் அனுப்பியவர்களை மட்டும் எண்ணியிருந்தால் 12-க்கு 11. சபாநாயகரை விலக்கிவிட்டால் 11-க்கு 11, பிறகு அவருடைய தீர்மானிக்கும் வாக்கு. எண்ணிக்கைக்கே போகாமல் முதலமைச்சர் வெளியேறினார். மூன்று நாள் கழித்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அன்று 30 தேர்தல் இடங்களில் 7 காலி, அவை 23 ஆகச் சுருங்கியிருந்தது. நியமன இடங்களோ மூன்றும் நிரம்பியிருந்தன. ஜனவரியில் ஒரு நியமன உறுப்பினர் காலமானார். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் போனால் இடைத்தேர்தல் வேண்டும், அதற்குச் சட்டம் ஆறு மாதம் வரை அவகாசம் தருகிறது. நியமனத்துக்கு ஒரு கையெழுத்து போதும். ஆகவே அவை சிதையச் சிதைய நியமன வாக்கின் எடை ஏறுகிறது: 33-ல் மூன்று என்றால் 9 சதவீதம், 26-ல் மூன்று என்றால் 11.5 சதவீதம். ராஜினாமாவைத் தூண்டுகிறவருக்கு இது கூடுதல் லாபம். இந்த ஓட்டையை 1963-ல் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை; கட்சித்தாவல் தடைச் சட்டமே அப்போது கிடையாது.

அதே ஆண்டு மே மாதம். தேர்தலில் பா.ஜ.க. 9 தொகுதிகளில் நின்று 6-ல் வென்றது. கூட்டணித் தலைமைக் கட்சியான என்.ஆர். காங்கிரஸ் 10. மே 7-ல் முதலமைச்சர் ரங்கசாமி பதவியேற்றார், உடனே கொரோனா தொற்றி சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் அங்கே சிகிச்சையில் இருக்கும்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பதவிப்பிரமாணமே எடுக்காத நிலையில், மூன்று நியமன உறுப்பினர்களின் பெயர் வந்துவிட்டது. மூவரும் பா.ஜ.க. நின்ற இடம் 9, வென்ற இடம் 6, அவையில் உட்கார்ந்தவர்கள் 9. இந்த முறை முதலமைச்சர் உங்கள் சொந்தக் கூட்டணிக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த அதிகாரம் எதிரியை மட்டும் குத்துவதில்லை, கூட்டாளியையும் அளவோடு நிறுத்திவைக்கிறது.

2025 ஜூன் இறுதியில் அந்த மூவரும் விலகினார்கள். அடுத்த மாதமே வேறு மூவர் வந்தார்கள். தொகுதி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இப்படி ஒரு கடிதத்தில் இறங்கி, இன்னொருவர் ஓர் அறிவிக்கையில் ஏறிவிட முடியுமா? கட்சிக்குள் பதவிப் பகிர்வுக்கு எங்கள் பேரவை நாற்காலி பயன்பட்டது என்றே எங்களுக்குப் படுகிறது.

நியமன உறுப்பினர் சுதந்திரமான அறிஞர், அவர் மனசாட்சிப்படி வாக்களிப்பார் என்று வாதிடவும் வழியில்லை. கட்சித்தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, நியமன நாளில் அவர் ஒரு கட்சியில் இருந்தால் அந்தக் கட்சி உறுப்பினராகவே கருதப்படுவார். கொறடா உத்தரவு அவரையும் கட்டும், மீறினால் பதவி போகும். அதாவது, நியமிக்கும் அதிகாரமும் உங்கள் அரசிடம், அவர் எப்படி வாக்களிப்பது என்ற உத்தரவும் உங்கள் கட்சியிடம்.

'ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் நியமனம்' என்ற வாதத்துக்கு நாங்கள் மரியாதை தருவோம், அப்படி நடந்திருந்தால். புதுச்சேரியில் இருளர்கள், வில்லி, வேட்டைக்காரர் உள்பட, 2016-ல்தான் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டார்கள். பேரவையில் பட்டியல் சாதியினருக்கு 5 தனித்தொகுதிகள் உண்டு, பழங்குடியினருக்கு ஒன்றும் இல்லை. சரியாக அந்த அறிவிப்புக்கு அடுத்த ஆண்டு மூன்று இடங்கள் உங்கள் கையில் இருந்தன. 2017-லும் சரி, 2021-லும் சரி, ஓர் இருளர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு பெண்ணும் உட்காரவில்லை.

சட்டத்தின் மற்ற மூலைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் முரண் இன்னும் தெளிவாகும். குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கள் நியமன உறுப்பினருக்கு வாக்கு இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டுமே என்கிறது அரசமைப்பின் பிரிவு 54. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடத்துக்கான தேர்தலிலும் வாக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அங்கேயும் 'தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்' என்றே சொல்கிறது. நகராட்சியில் நியமிக்கப்படும் வல்லுநருக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை கிடையாது என்று அரசமைப்பின் 243R வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. டெல்லி மாநகராட்சி மேயர் தேர்தலில் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்க முடியாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வரியை வைத்துத்தான். மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்கள் மசோதாக்களில் வாக்களிக்கிறார்கள், ஆனால் அமைச்சரவை மக்களவைக்கே பொறுப்பு என்பதால் அவர்களால் ஓர் அரசைக் கவிழ்க்க முடியாது. மக்களவையில் இருந்த இரண்டு ஆங்கிலோ-இந்திய நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின.

ஆக, ஒரு நகராட்சியில் குப்பை ஒப்பந்தத்துக்குக் கை தூக்க முடியாத நியமன உறுப்பினர், சட்டப்பேரவையில் முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பக் கை தூக்கலாம். (எங்கள் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றமும் இல்லை. 1968-க்குப் பிறகு 2006-ல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011-ல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. அந்தக் கணக்கை எங்கள் உள்ளூர்க் கட்சிகளிடம் தனியாகக் கேட்க வேண்டும்.)

'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்ற பதில் எங்களுக்கு வேண்டாம். இருக்கிற சட்டத்துக்கு என்ன பொருள் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. 12-ஆம் பிரிவு 'உறுப்பினர்கள்' என்கிறது, நியமிக்கப்பட்டவரும் உறுப்பினர், எனவே வாக்கு உண்டு. சொற்களை வைத்துப் பார்த்தால் அது சரி. அந்தச் சொல் அப்படியே இருக்க வேண்டுமா என்பது நாடாளுமன்றத்தின் வேலை, அங்கே பெரும்பான்மை உங்கள் கூட்டணியிடம்.

'யூனியன் பிரதேசத்தின் மேல் மத்திய அரசுக்கு ஒரு பிடி வேண்டாமா' என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. பிடி ஏற்கெனவே ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பேரவை நிறைவேற்றும் மசோதா டெல்லிக்குப் போய் ஒப்புதல் பெறலாம், பெறாமலும் போகலாம். மாநிலப் பட்டியலில் உள்ளதைப் பற்றியும் நாடாளுமன்றம் எங்களுக்குச் சட்டம் இயற்றலாம். தேவைப்பட்டால் சட்டத்தையே நிறுத்திவைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரலாம். இத்தனைக்கும் பிறகு எங்கள் அவைக்குள்ளும் மூன்று வாக்கு எதற்கு?

நியாயமாகச் சொன்னால், இந்தப் பிரிவை எழுதியது உங்கள் கட்சி அல்ல. எழுதியதும் காங்கிரஸ், பல பத்தாண்டுகள் டெல்லியில் ஆண்டபோது மாற்றாமல் விட்டதும் காங்கிரஸ். 2017-ல் அவர்கள் எழுப்பிய கூச்சல் அந்த அளவுக்குத் தாமதமானது. நாளை டெல்லியில் வேறு கட்சி வந்தால் இதே 14-17 கணக்கு உங்கள் கட்சிக்கு எதிராகத் திரும்பும். அப்போது எழுத வேண்டிய மடலும் இதுவேதான், முகவரி மட்டும் மாறும்.

திருத்துவது கடினம் என்றும் சொல்ல முடியாது. அரசமைப்பின் பிரிவு 239A(2)-ன்படி, எங்கள் பேரவை பற்றிய சட்டத்தை மாற்றுவது அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2023 டிசம்பரில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்காக இதே 1963 சட்டத்தை உங்கள் அரசே திருத்தியது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தைத் திறந்து, எழுதி, மூடிய அந்த நேரத்தில் 3(3)-ஐத் தொடாமல் விட்டதைத்தான் எங்களால் சும்மா இருந்து ஏற்க முடியவில்லை. அதே 2023-ல் ஜம்மு காஷ்மீருக்கு 90 இடங்களோடு ஐந்து நியமன இடங்கள் என்று ஆனது. அங்கே குறைந்தபட்சம் பெண்கள், காஷ்மீரிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், பாகிஸ்தான் ஆக்கிரமித்த பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர் என்று யாருக்கான இடம் என்பதாவது சட்டத்தில் இருக்கிறது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170-க்கு 8 என்று இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரான்ஸ் அரசு அந்த முடிவை மதித்தது, ஏனென்றால் வாக்களித்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த 178-ல் பாரிஸோ டெல்லியோ தன் ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்திருந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, 1963 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கும் மசோதாவை அறிமுகப்படுத்துங்கள்: பிரிவு 3(3)-ன் கீழ் நியமிக்கப்படும் உறுப்பினருக்குப் பேரவையில் பேசவும் குழுக்களில் பங்கேற்கவும் உரிமை உண்டு, வாக்களிக்கும் உரிமை இல்லை. 243R-ல் உள்ள வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. முழுவதும் முடியாது என்று உங்கள் அரசு கருதினால், நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், சபாநாயகர் தேர்தலும் நீக்கமும், நிதி மசோதா ஆகியவற்றிலாவது அந்த வாக்கை விலக்குங்கள்.

அதே மசோதாவில் 3(3)-க்குத் தகுதி எழுதுங்கள். ஓர் இடம் இருளருக்கு, ஓர் இடம் பெண்ணுக்கு, ஓர் இடம் மீன்வளம், வேளாண்மை, உள்ளாட்சி போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவருக்கு. நியமன நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்தவரோ தேர்தலில் நின்றவரோ கூடாது. முதலமைச்சரை எழுத்துமூலம் கலந்தாலோசித்து, அவர் கருத்தையும் நியமனக் காரணத்தையும் அரசிதழில் வெளியிட வேண்டும்.

மசோதா நிறைவேறும் வரை சட்டத் திருத்தம் இல்லாமலே உங்களால் செய்யக்கூடியவை மூன்று. பொதுத்தேர்தலுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பதவியேற்று, சபாநாயகரைத் தேர்ந்து, அரசு தன் பெரும்பான்மையைக் காட்டும் வரை நியமன அறிவிக்கை வராது என்று உள்துறை அமைச்சகத்துக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். தேர்தல் இடங்கள் காலியாக இருக்கும்போது நியமன இடத்தை நிரப்பாதீர்கள். இப்போது அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் நம்பிக்கை வாக்கெடுப்பு எதிலும் வாக்களிக்க மாட்டார்கள் என்று உங்கள் கட்சியின் கொறடா மூலம் அறிவியுங்கள்.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று இரண்டே உறுப்பினர்கள். அவர்கள் தனிநபர் மசோதா கொண்டுவந்தால் அது வரிசையில் கிடந்து காலாவதியாகும் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே அரசு மசோதாவாகவே கேட்கிறோம். எந்தக் கூட்டத்தொடரில் கொண்டுவருவீர்கள், அல்லது கொண்டுவர மாட்டீர்கள் என்றால் என்ன காரணத்தால், என்று உள்துறை அமைச்சகம் புதுச்சேரி சட்டப்பேரவைக்கு 90 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கட்டும். அந்தக் கடிதத்தைச் சபாநாயகர் அவையில் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாக்காளர்கள் சிலர்